இடப்பக்கத்து நட்சத்திரங்கள்

மயிலாள் எங்கே போய்த் தொலைந்தாள் என்று சென்னியப்பனுக்குக் கோபம் கோபமாக வந்தது. புருஷனைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, ஆஸ்பத்திரி நடையில் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கும்படி நட்டநடுவில் விட்டுவிட்டு ஒரு பெண்பிள்ளை போவாளா? முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர் அவர். கோபியிலிருந்து சத்தியமங்கலம் போய், அங்கிருந்து திம்பம் மலை ஏறி இறங்குகிற தனியார் வண்டி. ஒரு நாள்கூட வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு அவர் இறங்கிப் போனதில்லை. "மயிலா!" என்று ஒரு சத்தம் போட்டார். "இங்கதானுங்க நிக்கறன். எதுக்குக் கத்தறீங்க?" என்று காதோரத்திலேயே பதில் வந்தது. தலையைத் திருப்பி, பற்றாமல் இன்னும் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால், ஆமாம், நாற்காலியின் இடப்பக்கத்தை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தாள், மருந்துச்சீட்டுப் பையும் கையுமாக. எப்போது வந்தாள்? இந்த இரண்டு மாதமாக இவளுக்கு இதே வேலையாகப் போய்விட்டது. இருக்க மாட்டாள், திடீரென்று இருப்பாள். வாதம் வந்தது அவருக்கு, குணம் மாறியது அவளுக்கு. வீட்டில் இந்த நாற்காலியைத் தள்ளும்போதுகூடக் கதவு நிலையில் இடித்துவிட்டு, நீங்கதான் கையை வெளியே விட்டீங்க என்று அவர் மேலேயே பழியைப் போடுவாள். சொல்லிக் காட்டலாம்தான். சொன்னால் சண்டைக்கு வருவாள். இன்றைக்குச் சண்டை போடுகிற நாள் இல்லை, இன்றைக்குப் பரிட்சை.

பரிட்சை என்றுதான் மயிலாளும் சொல்லியிருந்தாள். எதிரே அடைத்தும் அடைக்காமலும் இருந்த கதவுக்குப் பின்னால் முதியோர் மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவு. ஆறு வாரம் உள்ளே வைத்து, கை கால் விழுந்தவர்களை எழுப்பி நடமாட வைத்து அனுப்புகிறார்களாம். காலியாக இருப்பது இரண்டு கட்டில். வந்து உட்கார்ந்திருப்பது நான்கு கிழடுகள், அவரையும் சேர்த்து. "நல்லா இருக்கறவிங்களுக்குத்தான் எடம் குடுப்பாங்களாமுங்க. கேக்கறதுக்கெல்லாம் டக்கு டக்குனு சொல்லிப்போடோணும். முழிச்சுக்கிட்டு இருக்கப்படாது" என்று விடியற்காலையிலேயே பாடம் எடுத்து, சலவைச் சட்டை மாட்டி, தலைவாரிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். முகச்சவரம் மட்டும் அவரே செய்துகொண்டார். வலது கைதான் நன்றாக இருக்கிறதே. அதற்கப்புறமும் அவள் ரேசரைப் பிடுங்கிக் கன்னத்தில் என்னவோ வழித்துக்கொண்டிருந்தாள். எதிலும் ஒரு கை வைக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. இருக்கட்டும். பரிட்சைக்கு யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பெனியில் வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. டாக்டர் அறைச் சுவரில் வருஷம் தவறாமல் அதே அட்டை தொங்கும். டிரைவர்கள் எல்லோரும் முந்தின நாளே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்து வரைக்கும் பாடம் பண்ணிவிடுவார்கள். கண் பளிச்சென்று தெரிகிறவனும் பண்ணுவான். பரிட்சை என்று ஒன்று வைத்தால் படிக்காமல் போவது வைத்தவருக்கு மரியாதை இல்லையே. கடைசி வரியைத் தலைகீழாகக்கூடச் சொல்லுவார் சென்னியப்பன். டாக்டர் அசந்துபோய், ஐயா உமக்குப் பருந்துக் கண் என்று சொன்னது உண்டு. அந்தப் பருந்து இப்போது கதவிடுக்கில் காதை வைத்துக்கொண்டிருந்தது.

உள்ளே சென்னிமலை நெசவுக்காரப் பெரியவர் ஒருவர் மாட்டிக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்குரல், பொறுமையான குரல், கேள்வி கேட்டது. இன்றைக்கு என்ன கிழமை, என்ன மாதம், இது எந்த ஊர். மூன்று வார்த்தை சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கேட்பேன். சாவி, மாம்பழம், குடை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். நெசவுக்காரர் தொண்ணூற்று மூன்றிலேயே நின்றுவிட்டார். வெளியே சென்னியப்பன் எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து என்று வாய்க்குள்ளேயே சரசரவென்று இறங்கினார், மலையில் இரண்டாவது கியரில் இறங்குகிற மாதிரி. அப்புறம் அந்த மூன்று வார்த்தையைக் கேட்டபோது பெரியவர் சாவியும் மாம்பழமும் சொல்லிவிட்டு, குடையைத் தொலைத்துவிட்டார். குடை, குடை என்று சென்னியப்பனுக்கு நாக்கு துடித்தது. பாவம், இன்னொரு பக்கம் பார்த்தால் ஒரு கட்டில் நமக்கு மிச்சம். அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. ஆனால் உள்ளதைச் சொன்னால் வெட்கத்தைவிடப் பெருமைதான் கூடுதலாக இருந்தது. அறுபத்தொன்பது வயசு, தலையில் ரத்தம் கட்டிப் பத்து நாள் நினைவில்லாமல் கிடந்தவர், உட்கார்ந்த இடத்தில் இருந்தே மற்றவர் பரிட்சையையும் சேர்த்து எழுதிக்கொண்டிருக்கிறார். கால் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது, அவ்வளவுதான். எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை.

திம்பத்தில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றும் அவருக்குப் பெண்டாட்டியின் குணம் மாதிரி மனப்பாடம். எதில் எதிரே லாரி வந்தால் யார் பின்வாங்க வேண்டும், எதில் மழைக்கு மண் சரியும், எதில் யானை நின்றால் ஹாரன் அடிக்காமல் விளக்கை அணைத்துவிட்டு நிற்க வேண்டும், எல்லாம் அத்துப்படி. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு விபத்து இல்லை. ஓர் ஆட்டுக்குட்டிகூட அடிபட்டதில்லை. ரிட்டயர் ஆன அன்று முதலாளியே வந்து மாலை போட்டு, இவர் வண்டியில் ஏறினவர்கள் தூங்கிக்கொண்டே போயிருக்கிறார்கள் என்று சொன்னார். மலைப்பாதையில் ஜனங்களைத் தூங்கவைப்பது லேசான காரியமா? காதர் பாய் மட்டும் தூங்க மாட்டார். கண்டக்டர் காதர் பாய், இருபத்திரண்டு வருஷம் ஒரே வண்டி. டிரைவர் உட்காருவது வலப்பக்கம், ஜனம் ஏறி இறங்குவது இடப்பக்கம். இடப்பக்கம் என்பது முழுக்க அந்த மனிதரின் பொறுப்பு. பள்ளத்தின் ஓரம் எவ்வளவு மிச்சம், பின் சக்கரம் எங்கே இருக்கிறது, படியில் யார் தொங்குகிறான், எல்லாவற்றுக்கும் ஒரு விசில். அந்த விசிலை நம்பி இடப்பக்கத்தைத் திரும்பிப் பார்க்காமலே ஓட்டியிருக்கிறார் சென்னியப்பன். அப்படி நம்புவதற்கும் ஒரு நெஞ்சுரம் வேண்டும். ஆனால் இப்போது இடப்பக்கம், இடப்பக்கம் என்று மனசு எதற்கு அதையே போய்த் தொடுகிறது? இந்தக் கை மடியில் யாரோ வைத்துவிட்டுப்போன பை மாதிரி கிடக்கிறதே, அதனால் இருக்கும். நடையில் பினாயில் வாசம் அடித்தது. யாரோ தரையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். ஈரத்தரையைப் பார்த்ததும் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஈரத்தரை என்றால் போன செவ்வாய்க்கிழமை. குளியலறை வீட்டுக்குப் பின்னால், முற்றத்தைத் தாண்டி இருக்கிறது. மயிலாள் துண்டை அவர் இடுப்பில் சுற்றி, இரண்டு முனையையும் தன் கையில் முறுக்கிப் பிடித்து, தூக்கி நிறுத்தி, நடத்திக் கூட்டிப் போவாள். அவளுக்கும் அறுபத்தைந்து, இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவள். அன்றைக்கு வாசற்படியில் என்ன ஆனது என்று அவருக்கே தெரியவில்லை. தோள் எதிலோ இடித்தது, இல்லாத ஒரு சுவர் வந்து இடித்தது, இரண்டு பேரும் விழுந்தார்கள். அவளுக்கும் எழ முடியவில்லை, அவரையும் எழுப்ப முடியவில்லை. கோடி வீட்டுக்காரி வந்து பார்க்கிற வரைக்கும் முக்கால் மணி நேரம் புருஷனும் பெண்டாட்டியும் ஈரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு இடுப்பில் துணி நனைந்திருந்தது தண்ணீரால் மட்டும் அல்ல. அவள் தன் முந்தானையை எடுத்து மூடிவிட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருக்கலாம். அதிலிருந்து அவருக்கு வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான். ஊர் சுற்ற வேண்டாம், மலை ஏற வேண்டாம், முற்றத்தைத் தாண்டித் தன் காலால் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். அது கிடைக்காவிட்டால் அடுத்த தடவை அவள் முட்டியோ இடுப்போ முறியும். அப்படி முறிந்தால் அவர் உயிரோடு இருப்பதில் ஓர் அர்த்தமும் இல்லை. அதனால் இந்தக் கட்டில் வேண்டும். சாவி, மாம்பழம், குடை.

"சென்னியப்பன் ஐயா, உள்ள வாங்க." மயிலாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள், வழக்கம்போல அவர் இடது தோளைக் கதவில் உரசிவிட்டு. ஹெப்சிபா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் எழுந்து வந்து கும்பிட்டாள். நாற்பது வயசு இருக்கும், சிரித்த முகம். கிழமை கேட்டாள், சொன்னார். மாதம் கேட்டாள், தமிழ் மாதத்தையும் சேர்த்துச் சொன்னார். நூறிலிருந்து ஏழைக் கேட்டாள், இரண்டு வரைக்கும் நிற்காமல் இறங்கிவிட்டு, அதுக்குக் கீழே போகலாமுங்களா என்றார். அவள் பேனாவை எடுத்து எழுதினாள். எழுதட்டும். மூன்று வார்த்தை சொன்னாள்: பானை, குதிரை, சன்னல். கொஞ்ச நேரம் கழித்து, அந்த மூணு என்னப்பா என்றதும், "பானை, குதிரை, சன்னல். சாவி, மாம்பழம், குடை" என்று ஆறையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். அவள் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "கடைசி மூணும் உங்களுக்குச் சொல்லலையேப்பா." "அது மின்னால வந்தவரோடதுங்க அம்மிணி. அவரு குடையை உட்டுட்டாரு" என்றார் சென்னியப்பன். அவள் சிரித்த சிரிப்பில் மேசையே ஆடியது. இவருக்குத் தோள் ஓர் அங்குலம் உயர்ந்தது, வலது தோளாவது. அப்புறம் ஹெப்சிபா மயிலாள் பக்கம் திரும்பி, வீட்டில் எப்படி, தானாகச் சாப்பிடுகிறாரா, தட்டில் மிச்சம் வைக்கிறாரா, எங்கேயாவது முட்டிக்கொள்கிறாரா, விழுந்தாரா என்றெல்லாம் கேட்டாள். "ஒரு கொறையும் இல்லீங்க. தட்டுல பருக்கை இல்லாம சாப்புடுவாரு. முட்டறதெல்லாம் இல்லீங்க. உளுந்ததே இல்லீங்க" என்றாள் மயிலாள், கண்ணை இமைக்காமல். கெட்டிக்காரி. விழுந்ததை மறைத்தாளே, அதற்கே ஒரு புடவை எடுத்துக் கொடுக்கலாம். ஹெப்சிபா அதையும் எழுதிக்கொண்டாள், ஆனால் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

பிறகு ஒரு தாளை மேசைமேல் அவருக்கு நேராக வைத்தாள். சின்னச் சின்ன நட்சத்திரங்கள் தாள் முழுக்க இறைந்து கிடந்தன. எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு வெட்டச் சொன்னாள். இது என்ன, சின்னப் பிள்ளை விளையாட்டு. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று நெல் நாற்று வரிசை பிடிக்கிற மாதிரி வெட்டிக்கொண்டே வந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. எண்ணியும் பார்த்தார், இருபது. பென்சிலை வைத்துவிட்டு, முடிஞ்சுதுங்க என்றார். "நல்லாப் பாத்துட்டீங்களா?" பார்த்தாயிற்று. அவள் தாளை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். வைத்தால், அத்தனை நட்சத்திரமும் வெட்டாமல் கிடக்கிறது. "தாளை மாத்திப்போட்டீங்க அம்மிணி" என்றார். சத்தம் கொஞ்சம் கூடித்தான் வந்தது. இந்த மாதிரி வேலையெல்லாம் அவரிடம் செல்லாது. "மாத்தலைப்பா." "மாத்திப்போட்டீங்க. நான் வெட்டுனது இதில்ல." அவள் அவர் கட்டைவிரலையே தாளின் ஒரு மூலையில் வைத்து அழுத்திக்கொள்ளச் சொல்லி, அவர் கையாலேயே அதை வலப்பக்கம், மேசையின் கோடிவரைக்கும் இழுக்க வைத்தாள். தாள் நகர நகர, ஒரே தாளில், அவர் விரலுக்குக் கீழேயே, முதலில் வெட்டாத நட்சத்திரங்களும் அப்புறம் அவர் வெட்டின நட்சத்திரங்களும் வந்து சேர்ந்தன. நடுவில் கத்தியால் கீறின மாதிரி ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கம் அவர் வேலை, மறுபக்கம் ஒன்றுமே நடக்கவில்லை. "கண்ணுல கோளாறு இல்லைப்பா. மூளையில அடிபட்ட இடம் இடப்பக்கத்தைக் கணக்குல எடுத்துக்க மாட்டேங்குது. அது இல்லைன்னே உங்களுக்குத் தெரியாது" என்றாள் ஹெப்சிபா.

தெரியாது. அந்த வார்த்தை உள்ளே போய் ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பியது. தட்டு. மயிலாள் சாப்பாட்டின் நடுவில் வந்து தட்டைத் தொட்டுவிட்டுப் போவாள். பார்த்தால் மறுபடி சோறும் பொரியலும் இருக்கும். இரண்டாம் தடவை போடுகிறாள், நம் பசி இன்னும் குறையவில்லை என்று அவர் பெருமைப்பட்டுக்கொண்டது எல்லாம் அதே சோறு. அவள் தட்டைத் திருப்பிவைத்திருக்கிறாள், இரண்டு மாதமாக, வாயைத் திறக்காமல். கன்னம். பாதிக் கன்னத்தை வழிப்பதும் அவள்தான். கதவு நிலை. அவள் இடிக்கவில்லை, அவர் கைதான் அவருக்கே தெரியாமல் வெளியே தொங்கியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை வந்து இடித்த அந்த இல்லாத சுவர், அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. காணாமல் போய்ப் போய் வந்தவள் மயிலாள் இல்லை. பயம் பிடித்துக்கொண்டது. இந்தப் பயம் அவருக்குப் பழையது. ஐம்பதாவது வயசில் ஒரு தடவை, டாக்டர் மாறி, சுவரில் அட்டையும் மாறியிருந்தது. அது தெரியாமல் பழைய அட்டையைக் கடைசி வரி வரை கம்பீரமாக ஒப்பித்தார். டாக்டர் சிரித்துக் கண்ணாடி எழுதிக்கொடுத்துவிட்டார். மறுநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு மலை ஏறினபோது ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. ஓரத்துக் கல்லில் அடித்த சுண்ணாம்பு தெரிந்தது. எட்டாவது வளைவில் வண்டியை முதல் கியருக்கு இறக்கிவிட்டார். அப்படியானால் இத்தனை நாள் எதைப் பார்த்து ஓட்டினோம்? அறுபது பேரைத் தூங்கவைத்துக்கொண்டு எதை நம்பி? காதர் பாயிடம்கூடச் சொல்லவில்லை. மயிலாளிடமும் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷமாக அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"நான் ஒண்ணு வெளிப்படையாச் சொல்லிடறேன்பா" என்றாள் ஹெப்சிபா. "இங்க நல்லா இருக்கறவங்களுக்குக் கட்டில் தர்றதில்லை. என்ன குறைன்னு தெரிஞ்சு, அதோட மல்லுக்கட்டத் தயாரா இருக்கறவங்களுக்குத்தான் தர்றோம். ஒரு குறையும் இல்லைன்னு நிக்கறவங்க ரெண்டாம் நாளே விழுந்துடறாங்க. இப்ப நான் எழுதியிருக்கறதை வச்சுப் பார்த்தா உங்களை வீட்டுக்கு அனுப்பிடலாம்னுதான் இருக்கு. நீங்களே சொல்லுங்க, உங்களுக்கு என்ன குறை?" மயிலாள் முந்திக்கொண்டாள். "அவருக்கு அதெல்லாம் ஒண்ணும்..." குரல் இடப்பக்கமிருந்து வந்தது, ஆளைக் காணோம். சென்னியப்பன் வலது கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். "அவ சொல்றது பொய்யுங்க அம்மிணி" என்றார். "தட்டுல பாதிதான் திங்கறன். மீதிக்கு அவதான் தட்டைத் திருப்பறா. மூஞ்சியில பாதிதான் செரைக்கறன். செவ்வாக்கெழமை இவளையும் தள்ளி நானும் உளுந்தன். எனக்கு இடப்பக்கம் இல்லீங்க. முப்பத்தொரு வருசம் டிரைவருங்க நான். எனக்கு இடப்பக்கம் தெரியலீங்க." சொல்லி முடித்ததும் அழுகை வரும் என்று நினைத்தார், வரவில்லை. மயிலாள்தான் அழுதாள். "மொதல்லயே சொன்னனுங்க, தட்டுல பாதி அப்படியே கெடக்குதுன்னு. தட்டைத் தூக்கி வீசினீங்க. அதுக்கப்பறம் எப்படிங்க சொல்லுவன்? நாலு பேருக்கு மின்னால உங்களைக் கொறைச்சுச் சொல்ல எனக்கு வாய் வருமா?" என்றாள். அவர் முதல் தடவையாகத் தெரிந்தே தலையைத் திருப்பினார். திருப்பித் திருப்பி அவள் முகம் வருகிற வரைக்கும் திருப்பினார். அவளைப் பார்த்து, "இனி சொல்லு புள்ள" என்றார். ஹெப்சிபா தான் எழுதியிருந்ததில் இரண்டு வரியை அடித்துவிட்டு, புதிதாக எழுதினாள். எழுதி முடித்து, "திங்கக்கிழமை காலையில துணிமணியோட வந்துடுங்கப்பா. ஜன்னலோரக் கட்டில் உங்களுக்கு" என்றாள்.

முப்பத்தொரு வருஷமும் சேர்ந்து தராத ஒரு பெருமை அவர் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அது எதற்கென்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது, தோற்றவனுக்கு என்ன பெருமை? ஆனாலும் வந்தது. "இன்னொரு தாள் குடுங்க அம்மிணி" என்றார். அவள் அதே மாதிரி ஒரு தாளை நேராக வைத்து, அதன் இடது ஓரத்தில் நீளமாகச் சிவப்பு டேப் ஒட்டினாள். "இந்தச் சிவப்பு தெரியற வரைக்கும் தலையைத் திருப்பணும். அதுக்கு முன்னால நிறுத்தக் கூடாது." அவர் திருப்பினார். கழுத்துக்கு உள்ளே ஒரு கயிறு இழுத்துப் பிடித்தது, தாள் இங்கே முடிந்துவிட்டது, முடிந்துவிட்டது என்று மண்டைக்குள் யாரோ அடித்துச் சொன்னார்கள். அதைக் கேட்காமல் திருப்பினார். சிவப்பு வந்தது. சிவப்பைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பென்சிலை நகர்த்தினால், ஒன்று. வெட்டினார். அது ஓடிவிடும் போலிருந்தது, ஓடவில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. இரண்டு. மறுபடி எல்லாம் மறைந்தது, மறுபடி சிவப்பைத் தேடிப் பிடித்தார். கொண்டை ஊசியில் வண்டியைத் திருப்பினபோதுகூட இப்படி மூச்சு வாங்கியதில்லை. மூன்று. "மூணுங்க" என்றார் இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி, வண்டி நிறைய ஜனத்துக்குச் சொல்கிற குரலில். "நல்லாப் பண்ணிட்டீங்கப்பா. போதும், களைச்சுட்டீங்க. மீதியைத் திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்று ஹெப்சிபா தாளை எடுக்கக் கை நீட்டினாள். சென்னியப்பன் தாளை விடவில்லை. "சித்தெ இருங்க அம்மிணி. அங்க இன்னும் இருக்குது. எனக்குத் தெரியலை, ஆனா இருக்குது" என்று சொல்லிவிட்டு, தலையை மறுபடியும் இடப்பக்கம் திருப்ப ஆரம்பித்தார்.